ஈறில் ரத்தம் வந்தால் வைட்டமின் மாத்திரை போதுமா?

பல் தேய்த்துத் துப்பும் நுரையில் சிவப்பு தெரிந்ததும் பலரும் வைட்டமின் சி மாத்திரை வாங்கப் போகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு ஈறில் ரத்தம் கசிய பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் கிருமிப் படலம். அது இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷுக்கும் அசையாது, மாத்திரைக்கும் அசையாது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். மாத்திரையை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கலாம். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்காமல் விடுவதும் தவறு. படலம் சேரச் சேர வீக்கம் கூடும்; மென்மையான பிரஷால் அங்கேயும் மெதுவாகத் தேய்க்கத்தான் வேண்டும்.

சரி, அப்படியானால் வைட்டமினுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஈறைப் பல்லோடு பிடித்துவைக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் கொலாஜன் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் அது கடும் பற்றாக்குறை. ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவர் இன்னும் விழுங்கினால் ஈறு கூடுதலாக வலுப்படும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75 மி.கி. போதும்.

புகைப்பவர்களுக்கு மட்டும் 35 மி.கி. கூடுதலாக வேண்டும். அவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் தெரியாது. ‘ரத்தமே வரவில்லை, ஈறு நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற நிம்மதி அவர்களை ஏமாற்றிவிடும்.

வைட்டமின் சி மாத்திரையைச் சப்பிச் சப்பிச் சாப்பிடுவது பல் எனாமலை அரிக்கும், அது அமிலம். வைட்டமின் டி-யை ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் கே பக்கம் போகவே கூடாது, மருந்தின் வேலையை அது குறைத்துவிடும்.

பல்லைச் சுத்தம் செய்த பிறகும் கசிவு நிற்கவில்லை, அப்புறம் அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் வருகின்றன என்றால், உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.