பாக்கெட் லாஸ் பார்க்க நாலு பிங் போதாது

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் வயர்லெஸ் லிங்க் வைத்து இன்டர்நெட் எடுப்பவர்களுக்கு இது. லைன் விட்டுவிட்டு வந்தால் உடனே விண்டோஸில் பிங் (பாக்கெட் எனும் சிறு தரவுத் துண்டுகளை அனுப்பி, பதில் திரும்புகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பார்க்கிறோம். அது வெறும் நாலு பாக்கெட்தான் அனுப்பும். ஒன்று தொலைந்தாலே 25 சதவீதம் லாஸ் என்று காட்டும். அதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறைந்தது 100 பாக்கெட்டாவது அனுப்புங்கள்.

அதைவிட நல்லது, ஸ்மோக்பிங் என்ற மென்பொருளை ஓடவிடுவது. இலவசம்தான். அமைப்பை மாற்றாமல் விட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 20 பிங் அனுப்பி, எத்தனை திரும்பவில்லை என்பதை வரைபடத்தில் நிறம் மாற்றிக் காட்டும். வீட்டு ரவுட்டர், அப்புறம் வயர்லெஸ் லிங்கின் மறுமுனையாக எதிர்மலையில் இருக்கும் ரேடியோ, கடைசியாக வெளியே ஒரு சர்வர் என மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள். ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து ரேடியோவில் லாஸ் தொடங்கினால், கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஐப்பசி மழையில் மட்டும் லாஸ் ஏறுகிறதா? ஆன்டெனாவுக்கு எதிரே சில்வர் ஓக் கிளை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த இலை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாகவே உறிஞ்சும்.

எம்டிஆரில் (போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் லாஸ் எவ்வளவு என்று காட்டும் கருவி) நடுவில் ஒரு ஹாப்பில், அதாவது வழியில் உள்ள ஒரு ரவுட்டரில், மட்டும் லாஸ் தெரிந்து, கடைசி ஹாப்பில் பூஜ்யமாக இருந்தால் கவலை வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.