குறிப்புகள் குவிந்துவிட்டன, கட்டுரை எழவில்லையா?

குறிப்பு எடுப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரிந்ததால்தான் உங்கள் கோப்பு நிரம்பி வழிகிறது. அதிலிருந்து ஒரு கட்டுரையை வெளியே எடுக்கும் வழியைப் பார்ப்போம்.

1. இலக்கைக் கேள்வியாக எழுதுங்கள். "பெனிசிலின் பற்றி 1,500 சொற்கள்" என்று வைத்துக்கொண்டால் எந்தக் குறிப்பையும் தள்ள மனம் வராது. "1928-இல் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், மருந்தாகப் புழக்கத்துக்கு வர ஏன் 1940கள் ஆயின?" என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய இளமைக்காலக் குறிப்புகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

2. விலகியவற்றை வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள். அழிக்க வேண்டாம்.

3. மிஞ்சியவற்றை முழு வாக்கியங்களாக்குங்கள். என்னை நெடுநாள் மறித்து நின்ற படி இது. என் கோப்பில் இருந்தது இவ்வளவுதான்: "ஹீட்லி – பெட்பேன் – ஆக்ஸ்போர்டு". எடுத்த அன்று புரியும். சில வாரம் போனால் வெறும் புதிர். அதை இப்படி விரித்தேன்: "பெனிசிலின் தரும் பூஞ்சையை வளர்க்கப் போதிய பாத்திரங்கள் இல்லாததால், ஆக்ஸ்போர்டில் ஆய்வாளர் நார்மன் ஹீட்லி மருத்துவமனைப் பெட்பேன்களையும் (படுத்த நோயாளிகளுக்கான கழிவுப் பாத்திரங்கள்) பயன்படுத்தினார். ஆக, உற்பத்தியே பெரிய தடை."

அந்த "ஆக" வாக்கியம் கட்டாயம். அதை எழுத வரவில்லையென்றால், குறிப்பு எதற்கென்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை. பின்னால் பத்திகளின் முதல் வரிகள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் கிடைக்கும். நூலில் உள்ளபடியே எடுத்த வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு வைத்திருங்கள். இல்லாவிட்டால் பிறர் வரி உங்கள் வரியாக உருமாறிவிடும்.

4. நூல்வாரியாக அடுக்காதீர்கள், "ஆக"வாரியாக அடுக்குங்கள். 1941-இல் ஆக்ஸ்போர்டில் காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். தேறி வந்தார். மருந்து தீர்ந்துபோனது, அவருடைய சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தும் போதாமல் இறந்தார். இது வேறொரு நூலில் கிடைத்த குறிப்பு, ஆனால் பெட்பேனுக்கு அருகில்தான் உட்கார வேண்டும்.

5. ஒற்றைக் குறிப்போடு நிற்கும் குவியலுக்காக மட்டும் மேலும் படியுங்கள்.

கருவிகள்: நூல் விவரங்களுக்கு ஸொட்டேரோ என்ற மென்பொருள், இலவசம், வேறெதுவும் வேண்டாம். அடுக்குவதற்கு 3×5 அங்குல அட்டைகளே என் கட்சி. மேசையில் பரப்பினால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். திரையில் அந்த வசதி இல்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமானின் சுமார் 90,000 சீட்டுகளைச் சொல்லி யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். அவர் வாழ்நாள் ஆய்வுக்காகச் சேர்த்தார். உங்களுக்கு வேண்டியது ஒரு கட்டுரை.

பிற்சேர்க்கை: ஒரே குறிப்பு இரண்டு குவியல்களுக்குப் பொருந்தினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிரதி எடுக்காதீர்கள். இரண்டு "ஆக" எழுத முடிகிறதென்றால் அது இரண்டு குறிப்பு, பிரித்துவிடுங்கள். காவலர் குறிப்பு அப்படித்தான் பிரிந்தது: மருந்து போதவில்லை என்பது ஓர் அட்டை, மருந்து வேலை செய்தது என்பது இன்னோர் அட்டை.