காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வண்டி எடுத்துட்டு போறவங்களுக்கு

ஆனி மாசம் டெல்டா பக்கம் கார்லயோ பைக்லயோ சுத்தணும்னு ப்ளான் போட்டா முதல்ல பௌர்ணமி எந்தத் தேதில வருதுன்னு காலண்டர்ல பாருங்க, அதுக்கேத்த மாதிரி லீவு போடுங்க, ஏன்னா அன்னிக்கு காரைக்கால்ல பிச்சாண்டவர், அதாவது பிச்சை ஏந்தி வர்ற கோலத்துல இருக்குற சிவன், வீதியுலா வரும்போது வீட்டு மாடிலேருந்து, கடை மேலேருந்து, சன்ஷேடுலேருந்து மாம்பழத்த கூடை கூடையா வீசுவாங்க, கீழ தெரு முழுக்க ஜனங்க கைய தூக்கிட்டு நிப்பாங்க. மாவட்டத்துக்கே லோக்கல் லீவு விடுற நாள் அது. இப்படி ஒரு ஊர்வலத்த வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

வெளியூர்க்காரங்க நிறைய பேர் ஒண்ணு பண்றாங்க, அத நீங்க பண்ணாதீங்க. மத்தியானம் ரெண்டு பழம் கைக்கு வந்ததும் அப்படியே நாகூர், வேளாங்கண்ணின்னு வண்டிய திருப்பிடுறாங்க. இது மாம்பழம் வீசுற விழா மட்டும் இல்லங்க, காரைக்கால் அம்மையார்ங்குற ஒரு பொண்ணோட வாழ்க்கைய கல்யாணத்துலேருந்து கைலாயம் வரைக்கும் ஊரே சேர்ந்து நடத்திக் காட்டுற விழா. பழம் வீசுறது அந்தக் கதையோட நடுவுல வருது, முடியுறது மறுநாள் விடியக்காலைல. அதனால பௌர்ணமி அன்னிக்கு ராத்திரி காரைக்கால்லயோ பக்கத்துலயோ தங்குற மாதிரி மட்டும் ப்ளான் போட்டுக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

கதை தெரிஞ்சுட்டு போனா பாக்குறது பத்து மடங்கு நல்லா இருக்கும், அதனால சுருக்கமா சொல்றேன். காரைக்கால் வணிகர் தனதத்தன் மக புனிதவதி, நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தன் மாப்பிள்ளை. ஒருநாள் பரமதத்தன் கடைலேருந்து ரெண்டு மாம்பழம் வீட்டுக்கு குடுத்து விடுறான். பசியோட வந்த ஒரு சிவனடியாருக்கு சோத்தோட ஒரு பழத்த வச்சுடுது அந்தப் பொண்ணு. மத்தியானம் புருஷன் ஒண்ணு சாப்பிட்டுட்டு நல்லா இருக்கே இன்னொண்ணையும் கொண்டாங்குறான். உள்ள போயி சிவனை வேண்டுது, கைல ஒரு பழம் வருது. அது முதல் பழத்த விட ருசியா இருக்கவும் ஏது இதுன்னு கேக்குறான், நடந்தத சொல்லுது, அப்ப இன்னொண்ணு வரவழைச்சு காட்டுங்குறான், வருது, அவன் கைக்கு போனதும் மறைஞ்சு போகுது. பயந்துட்டான். கப்பலேறி போனவன் திரும்பி காரைக்காலுக்கே வரல, பாண்டிய நாட்டுல வேற கல்யாணம் பண்ணி, பொறந்த பொண்ணுக்கு புனிதவதின்னே பேரு வச்சான். தேடிட்டு வந்த முதல் மனைவி கால்ல குடும்பத்தோட விழுந்தான். இனி இந்த அழகும் உடம்பும் யாருக்குன்னு அந்தம்மா பேயுருவம் வேண்டி வாங்கி கைலாயத்துக்கு தலையால நடந்து போனாங்க, சிவனே அம்மையேன்னு கூப்பிட்டாரு, அந்தப் புனிதவதிதான் காரைக்கால் அம்மையார். 63 நாயன்மார்ல ஒருத்தர், தேவாரம் பாடின மூவருக்கும் முந்தின காலத்துக் கவிஞர். அந்த எலும்பும் தோலுமா தாளம் போடுற உருவத்த பல சோழர் கோயில்கள்ல நடராஜர் காலடில பாத்திருப்பீங்க, அவங்க ஊரு இது.

விழா எப்படி போகும்னா, முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ஆத்தங்கரை பிள்ளையார் கோயில்லேருந்து பரமதத்தன ஊர்வலமா அழைச்சுட்டு வருவாங்க. ரெண்டாம் நாள் காலைல அம்மையார் கோயில்ல திருக்கல்யாணம், சீர்வரிசைத் தட்டு, தாலி எல்லாம் நிஜ கல்யாணம் மாதிரியே நடக்கும், பொம்பளைங்க பட்டுப்புடவை கட்டிட்டு சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு வர்றாப்ல வருவாங்க. மூணாம் நாள் பௌர்ணமி, பிச்சாண்டவர் புறப்பாடு. ரெண்டு நாள்தான் லீவுன்னா கல்யாணத்த விட்டுட்டு பௌர்ணமி காலைல வந்து மறுநாள் காலைல கிளம்புங்க. மூணு நாள் கிடைச்சா கல்யாணத்துலேருந்தே இருங்க. நேரமெல்லாம் கோயில் பத்திரிகைல போடுவாங்க, அந்தந்த வருஷத்துக்கு பாத்துக்கோங்க.

ரோடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. சென்னைலேருந்தா சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியா வந்து பூவம் கிட்ட பாண்டிச்சேரி எல்லை. கும்பகோணம் பக்கத்துலேருந்து வந்தா பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு. தெக்கேருந்து வந்தா நாகூர் தாண்டி வாஞ்சூர். எனக்கு பிடிச்சது பேரளம் ரோடுதான், ஜூன் 12 மேட்டூர் அணை திறந்த வருஷம்னா வாய்க்கால்ல புதுத்தண்ணி ஓடிட்டிருக்கும், ரெண்டு பக்கமும் குறுவைக்கு நாத்தங்கால் பச்சையா இருக்கும், வழில நிறுத்தி டீ குடிச்சுட்டு மெதுவா வரலாம். டிராக்டர் நிறைய ஓடுற சீசன், வளைவுல ஹாரன் அடிச்சுட்டு போங்க. பெட்ரோல் தமிழ்நாட்ட விட காரைக்கால்ல விலை கம்மி, எல்லை தாண்டி வந்து போட்டுக்கோங்க.

ரூம் காரைக்கால் ஊருக்குள்ள அந்த மூணு நாளும் கஷ்டம். முன்னாடியே புக் பண்ணுங்க, இல்லன்னா திருநள்ளாறு பாருங்க, 5 கிலோமீட்டர்தான், சனீஸ்வரன் கோயிலுக்கு வர்றவங்களுக்காகவே லாட்ஜ் நிறைய இருக்கு. பௌர்ணமி சனிக்கிழமைல வந்துட்டா மட்டும் திருநள்ளாறு வேண்டாம், அங்கயும் கூட்டம் இங்கயும் கூட்டம், நடுவுல மாட்டிப்பீங்க. அப்ப நாகப்பட்டினமோ மயிலாடுதுறையோ போயிடுங்க.

இப்ப பௌர்ணமி காலைல. வண்டிய பாரதியார் ரோட்டுக்குள்ள கொண்டு போகணும்னு நினைக்கவே நினைக்காதீங்க, ஊருக்கு வெளியவே போட்டுட்டு நடங்க. சாமி கிளம்புறதுக்கு முன்னாடி வந்து சேர்ந்துட்டா கைலாசநாதர் கோயிலையும் அம்மையார் கோயிலையும் நிதானமா பாத்துடலாம், ரெண்டும் நடக்குற தூரம்தான். பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்துல வருவாரு. சப்பரம் ரொம்ப மெதுவா நகரும், ஏன்னா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் மாம்பழமும் பட்டும் தட்டுல வச்சு அர்ச்சனை பண்ணுவாங்க, நீங்களும் பண்ணலாம், வாசல்ல விக்குற கடைலயே வாங்கலாம், ஆனா அன்னிக்கு பழம் விலை ஏறித்தான் இருக்கும், வர்ற வழில ரெண்டு கிலோ வாங்கி வண்டில போட்டுட்டு வந்துடுறது நல்லது.

சப்பரம் ஒரு வீட்ட தாண்டினதும் அந்த வீட்டு மாடிலேருந்து பழம் வர ஆரம்பிக்கும். எப்பவும் சாமி கடந்த பின்னாடிதான் வீசுவாங்க, அதனால சப்பரத்துக்கு முன்னாடி நின்னா சாமிய நல்லா பாக்கலாம், பழம் வேணும்னா பின்னாடி வரணும். ஆனா சரியா பின்னாடியே ஒட்டிட்டு போகாதீங்க, அங்கதான் நெரிசல். பத்து இருபது அடி தள்ளி ரோட்டு ஓரமா வாங்க. மாடிய பாருங்க, சாக்கை அவுக்குறது தெரியும், பெரியவர் ஒருத்தர் கூடைய இடுப்புல வச்சுட்டு நிப்பாரு, பக்கத்துல சின்ன புள்ளைங்க ஆளுக்கு ரெண்டு பழத்த கைல வச்சுட்டு யாருக்கு போடலாம்னு பாத்துட்டிருக்கும். அந்தப் புள்ளைங்கள பாத்து கைய காட்டுங்க, உங்களுக்குன்னே பாத்து போடும். வெறுங்கையால பிடிக்கிறத விட துண்ட நாலு முனையும் பிடிச்சு விரிச்சா சுலபம், கூட ஒருத்தர் இருந்தா ரெண்டு பேரா பிடிங்க. வேகமா வர்ற பழம் மூஞ்சில பட்டா நல்லாவே வலிக்கும். கண்ணாடி போட்டவங்க கழட்டி பைல வச்சுடுங்க, போன்ல வீடியோ எடுத்துட்டே அண்ணாந்து பாக்காதீங்க, குழந்தைய தோள்ல தூக்கிட்டு கூட்டத்துக்கு நடுவுல போகவே போகாதீங்க. கீழ விழுந்தத எடுக்க குனியவும் வேண்டாம், பின்னாடி வர்றவங்க தள்ளிடுவாங்க.

இன்னொண்ணு முக்கியம். வீசுறவங்க நிறைய பேர் வேண்டுதல் பலிச்சவங்க, பிடிக்க வர்றவங்கள்ல குழந்தை வரம் கேட்டு வர்ற பொண்ணுங்க நிறைய பேர். முந்தானைய ஏந்திட்டு நிப்பாங்க, அவங்களுக்கு அது சும்மா பழம் இல்ல. உங்க கைல ரெண்டு மூணு சேர்ந்துட்டா பக்கத்துல அப்படி நிக்கிற ஒருத்தருக்கு, இந்தாங்கம்மான்னு குடுத்துடுங்க. அவங்க கண்ணுல ஒத்திக்கிறத பாத்தா ஏன் சொல்றேன்னு புரியும்.

ஆனி வெயில், தார் ரோடு, மிதிபட்ட மாம்பழச் சாறு, அதனால பின்னாடி பட்டி வச்ச செருப்பு போடுங்க, வழுக்காது. தொப்பி வேணும். தண்ணிப் பந்தல், மோர், அன்னதானம் எல்லாம் வழி நெடுக இருக்கும், சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேட வேண்டியதில்ல. நல்ல காட்டன் சட்டையா போட்டுட்டு வந்தா கறை போகாது, பழசு போதும்.

மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்ததும் ரூமுக்கு போயி தூங்குங்க, இதுதான் முக்கியமான விஷயமே, ஏன்னா ராத்திரி தூங்க முடியாது. தூக்கம் வராதவங்க அரசலாறு கடல்ல சேர்ற பக்கம் பீச்சுக்கு போகலாம், காத்து நல்லா வரும். சாயங்காலம் திரும்பி அம்மையார் கோயில் வாசலுக்கு வந்துடுங்க. ஊரெல்லாம் சுத்தி வந்த பிச்சாண்டவர அம்மையார் எதிர்கொண்டு அழைச்சு உள்ள கூட்டிட்டு போவாங்க, தயிர்சாதமும் மாம்பழமும் வச்சு அமுது படையல் நடக்கும். காலைல தெருவே இரைச்சலா இருந்த ஊர் இது, இப்ப ஒரு வீட்டுல விருந்தாளிக்கு சோறு போடுற மாதிரி அவ்வளவு பக்குவமா நடக்கும். கதையோட உயிரே இந்த ஒரு வேளை சோறுதான், கூட்டம் குறைஞ்சிருக்கும், கிட்ட போயி பாக்கலாம்.

அதுக்கப்புறம் ராத்திரி பரமதத்தனோட ரெண்டாவது கல்யாணத்தையும் நடத்திக் காட்டுவாங்க, பாக்கும்போது மனசு கனத்துப் போகும். விடியக்காலைல லைட்டெல்லாம் அணைச்சிடுவாங்க, தீப்பந்த வெளிச்சத்துல அம்மையார் பேயுருவத்துல கைலாசநாதர் கோயிலுக்கு போவாங்க, இறைவன் ஜோதியா காட்சி குடுப்பாரு. அந்த நேரத்துல ஃப்ளாஷ் அடிக்காதீங்க, டார்ச்சும் போடாதீங்க, போன உள்ள வச்சுடுங்க. வயசானவங்க கூட வந்தா முன்கூட்டியே ஓரமா உக்கார இடம் பாத்துக்கோங்க, இருட்டுல கூட்டம் திடீர்னு நகரும். சின்ன பிள்ளைங்க கைய விடாதீங்க.

முடிஞ்சதும் உடனே ஸ்டியரிங் பிடிக்காதீங்க. ராத்திரி முழுக்க முழிச்சவங்க ஓட்டுற ரோடு இல்ல இது, லாரி ஜாஸ்தி. ரூமுக்கு போயி நாலு மணி நேரமாவது தூங்கிட்டு, குளிச்சு சாப்பிட்டு பத்து மணிக்கு மேல கிளம்புங்க. வடக்க போறவங்க தரங்கம்பாடில இறங்கி 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டைய பாத்துட்டு போகலாம், கடல் ஓரத்துலயே இருக்கு. பிடிச்ச பழத்த டிக்கில போட்டு வைக்காதீங்க, அடிபட்ட பழம் சூட்டுல மத்தியானத்துக்குள்ள அழுகிடும், பேப்பர்ல சுத்தி சீட்டுக்கு அடில வச்சு அன்னிக்கே வீட்டுல எல்லாருக்கும் நறுக்கி குடுத்துடுங்க.