ரோனி ஜேம்ஸ் டியோவை எந்த வரிசையில் கேட்பது

காலவரிசையில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் கைவிட்டேன். டியோ 1942இல் பிறந்த அமெரிக்கப் பாடகர். 1950களின் இறுதியிலேயே குழு வைத்து நடத்தியவர். முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால், ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசை பிறக்கும்வரை நீங்கள் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

அடுத்து ஒரு தொகுப்பு ஆல்பத்தை எடுத்தேன். அது இன்னும் மோசம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு மூன்று பாடல்களைப் பிடுங்கி ஒன்றாக நட்டிருந்தார்கள். குரல் எல்லாவற்றிலும் அதே குரல். ஆனால் ஒரு பாட்டில் மட்டும் ஏன் மயிர்க்கூச்செறிகிறது, அடுத்ததில் ஏன் ஒன்றுமே நடக்கவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு பழுதான இயர்போனால். அதன் இடது பக்கம் ஒருநாள் செத்துப்போனது. புதிது வாங்கும்வரை வலது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டேன். பெரும்பாலும் குரலை நடுவில் வைத்துத்தான் ஒலிக்கலவை செய்வார்கள். அதனால் குரல் முழுதாக இருந்தது. வாத்தியங்களில் பாதி காணாமல் போயிருந்தது. சில பாடல்கள் அப்படியும் நின்றன, சில சரிந்தன. டியோவைக் கேட்பது என்றால் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்பது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. குழு மாறும்போது குரல் மாறவில்லை. குரலுக்கு விடப்படும் இடம் மாறுகிறது. கீழே நான் சொல்லும் வரிசை அந்த இடத்தைக் காது கொண்டு அளப்பதற்கானது.

தொடங்க வேண்டியது நடுவிலிருந்து. 1980இல் பிளாக் சாபத் என்ற மெட்டல் குழு டியோவோடு வெளியிட்ட 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தை எடுங்கள். ஆனால் அதைப் போடுவதற்கு முன், அதே குழு 1970இல் தன் முந்தைய பாடகர் ஆஸி ஆஸ்போர்னோடு பதிவு செய்த 'அயர்ன் மேன்' பாட்டை ஒருமுறை கேளுங்கள். கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு, போகிற வழியிலேயே குரலும் போகும்; கிட்டார் ஏறினால் குரல் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தப் பாட்டின் பலமே அதுதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது 1980 ஆல்பத்தின் தலைப்புப் பாடலைப் போடுங்கள். கிட்டார்க்காரர் டோனி அயோமியின் ரிஃப் வந்து தன்னை நிலைநாட்டும். பிறகு சரணம் தொடங்கும்போது கிட்டார் ஒதுங்கிக்கொள்ளும். கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் நாடித்துடிப்புபோல அடித்துக்கொண்டிருக்க, டிரம்ஸ் அதற்குத் துணைபோக, அந்த வெற்றிடத்தில் டியோ பாடுவார். ஆஸி ரிஃபைப் பின்தொடர்ந்து பாடுவார், டியோ ரிஃபுக்குக் குறுக்கே பாடுவார் என்று அயோமியே பின்னாளில் விளக்கியிருக்கிறார். அந்தக் 'குறுக்கே' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாட்டை மூன்று தடவை கேட்க வேண்டும்: முதலில் குரலை மட்டும், அடுத்து பேஸை மட்டும், மூன்றாம் முறை இரண்டையும். மூன்றாவது தடவையில் ஏழு நிமிடம் போனதே தெரியாது.

இதே ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் த சீ' இருக்கிறது. அயோமியும் டியோவும் சேர்ந்து முதன்முதலில் உருவாக்கிய பாட்டு அது. மெல்லிய கிட்டாரோடு தாழ்ந்த குரலில் தொடங்கிப் பிறகு கனமாக விழும். மூச்சைக் கவனிக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா. அவள் புல்லாங்குழல் வாசிப்பவள். மெட்டல் பக்கமே வராதவள். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"இவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார்த்தாயா?" என்றாள்.

"இல்லையே அக்கா. ஏன்?"

"வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள். மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடு. பாடுகிறவர்களைவிட ஊதுகிறவர்கள்தான் இப்படி மூச்சைச் சேர்த்து வைப்பார்கள்."

டியோ ஐந்து வயதிலிருந்து டிரம்பெட் வாசித்தவர் என்பது அப்போது எனக்கே தெரியாது. முறையாகப் பாட்டுக் கற்றதில்லை, மூச்சைக் கையாளக் கற்றது ஊதுகருவியால்தான் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். அக்கா சொன்னபடி கோடு போட்டுப் பாருங்கள். கையால் எழுதுவது முக்கியம். அச்சிட்ட வரிகளில் கண் முன்னால் ஓடிவிடும். கையால் எழுதிய வரியில் காதும் கண்ணும் சேர்ந்தே நகரும். என் தாளில் கோடுகள் நான் எதிர்பார்த்த இடங்களில் விழவில்லை. வரி முடிவில் மூச்சு வாங்குவார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வரியைவிடப் பொருள்தான் பெரிது.

பத்து வருடங்கள் வேறொருவர் அமர்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள். மேடையில் ஆஸி இரண்டு விரல்களை உயர்த்தி அமைதிச் சின்னம் காட்டுவார். அதையே திரும்பச் செய்ய டியோ விரும்பவில்லை. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, திருஷ்டி கழிக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டும் முத்திரையை மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் காட்டுவது அந்தப் பாட்டியின் கையைத்தான்.

இனி ஐந்து வருடம் பின்னோக்கிப் போங்கள், டியோ அதற்கு முன் பாடிய ரெயின்போ குழுவுக்கு. 1975இல் டீப் பர்ப்பிள் குழுவிலிருந்து விலகிய கிட்டார்க்காரர் ரிச்சி பிளாக்மோர், ரெயின்போவைத் தொடங்க, டியோ பாடிக்கொண்டிருந்த எல்ஃப் குழுவையே, கிட்டார்க்காரரை மட்டும் விட்டுவிட்டு, ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் ஆல்பம் முடிந்ததும் டியோவைத் தவிர மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டார். எல்ஃப் ஆட்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் கேட்பவருக்கு அது அருமையான ஒரு சோதனைச்சாலை. 'மேன் ஆன் த சில்வர் மவுன்டன்' பாட்டின் 1975 பதிவைக் கேளுங்கள். பிறகு 1977இல் வந்த 'ஆன் ஸ்டேஜ்' நேரலை ஆல்பத்தில் அதே பாட்டைக் கேளுங்கள். பாடுவது அதே டியோ, கிட்டார் அதே பிளாக்மோர். மற்றவர்கள் எல்லாரும் புதியவர்கள். டிரம்ஸில் கோசி பவல் வந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே தரை கெட்டியானதும் டியோ எவ்வளவு தைரியமாக அடி எடுத்து வைக்கிறார் என்று பாருங்கள்.

அதற்கு அப்புறம்தான் 1976இன் 'ரைசிங்'. ஆறே பாடல்கள், முப்பத்து மூன்று நிமிடங்கள். இதில் 'ஸ்டார்கேஸர்' என்ற எட்டு நிமிடப் பாட்டுக்காக ஒரு மாலையை ஒதுக்குங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், தயவுசெய்து. மியூனிக் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு பின்னால் வாசிக்கிறது. சின்ன ஒலிபெருக்கியில் அது வெறும் இரைச்சலாகிவிடும்.

கதை இதுதான். பறக்க ஆசைப்படும் ஒரு மந்திரவாதி, மக்களை அடிமைப்படுத்தி வானளாவும் கோபுரம் ஒன்றைக் கட்டவைக்கிறான். உச்சியிலிருந்து அவன் பறக்கவில்லை, விழுகிறான். இதைச் சொல்வது கல் சுமந்த அடிமைகளில் ஒருவன். டியோ அந்த அடிமையின் தொண்டையிலிருந்து பாடுகிறார். ஆரம்பத்தில் நடந்ததைச் சொல்கிற குரல். மந்திரவாதி விழுந்த பிறகு, இனி எங்கே போவது என்று தெரியாதவனின் குரல். எழுதிவைத்த கதை முடிந்த பின்னும் இசை நிற்காது. கிட்டாரும் இசைக்குழுவும் ஒரே அலையை மீண்டும் மீண்டும் வீச, அவர் அதன்மேல் பாடிக்கொண்டே போவார், ஒலி மங்கும்வரை. அந்தக் கடைசிப் பகுதியில் உங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். நான் கோடு போட முயன்று இரண்டு முறை தோற்றேன்.

1978இன் 'லாங் லிவ் ராக் அண்ட் ரோல்' ஆல்பத்தோடு டியோ விலகினார். வானொலியில் ஓடக்கூடிய எளிய பாடல்கள் பிளாக்மோருக்கு வேண்டியிருந்தன. டியோவின் கோபுரங்களும் மந்திரவாதிகளும் வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்தவர் கிரகாம் பானெட். 1979இன் 'டவுன் டு எர்த்' ஆல்பத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பானெட் சாதாரணப் பாடகர் அல்ல, கூரையைத் தூக்கும் குரல். ஆனாலும் டியோ எழுந்துபோன இடம் எந்த வடிவத்தில் காலியாக இருக்கிறது என்பது அதில் கேட்கும்.

எல்ஃபின் மூன்று ஆல்பங்களுக்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. பியானோ துள்ளும் ப்ளூஸ் ராக். 1972இன் முதல் ஆல்பத்தில் அவர் பேஸும் வாசித்திருக்கிறார், பெற்றோர் வைத்த ரொனால்ட் படவோனா என்ற பெயரிலேயே. முன்பு எனக்குச் சப்பென்று இருந்த அதே ஆல்பம், எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது பழைய குடும்பப் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. மூக்கும் முழியும் அப்போதே இருக்கின்றன.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆல்பத்தின் பெயரை எழுதவே வேண்டாம், ஆட்களின் பெயரை மட்டும் எழுதுங்கள். சில மாதங்களில் பெயர்கள் தாமாகவே கோடுகளாகச் சேரும். 'ரைசிங்'கில் பேஸ் வாசித்த ஜிம்மி பெய்ன், 1982இல் டியோ தன் பெயரிலேயே தொடங்கிய குழுவில் மறுபடி வருகிறார். சாபத்தின் 'மாப் ரூல்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த வின்னி அப்பிசி, டியோ வெளியேறியபோது கூடவே வெளியேறுகிறார். டியோ பாடிய ரெயின்போ ஆல்பங்களையும் அவர் பாடிய முதல் இரண்டு சாபத் ஆல்பங்களையும் தயாரித்தது ஒரே மனிதர், மார்ட்டின் பர்ச். குழு மாறியும் ஒலியில் ஓர் உறவு இருப்பதாக உங்கள் காதுக்குப் பட்டதே, அதற்குக் காரணம் அவர்.

டியோவும் சாபத்தும் முதல்முறை பிரிந்தது 'லைவ் ஈவில்' நேரலை ஆல்பத்தின் ஒலிக்கலவை குறித்த சண்டையில். குரலை யார் ஏற்றினார்கள், கிட்டாரை யார் இறக்கினார்கள் என்று தகராறு. நான் யார் பக்கமும் பேசப்போவதில்லை. ஆனால் குரலுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியே ஒரு குழுவை உடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்த 'ஹோலி டைவர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் டியோவேதான். இப்போது இடத்தைப் பங்கிடுபவர் அவர். 'டோன்ட் டாக் டு ஸ்ட்ரேஞ்சர்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பதைக் கேளுங்கள். விவியன் கேம்பல் என்ற இளம் கிட்டார்க்காரர், காத்திருந்த கடனையெல்லாம் பின்பாதியில் வட்டியோடு வசூலிக்கிறார்.

1984இன் 'த லாஸ்ட் இன் லைன்' அவசியம். அதற்குப் பிந்திய மூன்று ஆல்பங்களை அவசரமில்லாதபோது கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் 1992ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். அயோமி, பட்லர், அப்பிசியோடு மறுபடி சேர்ந்து செய்த 'டீஹியூமனைஸர்'. ஐம்பதைத் தொடும் வயது. குரலில் பழைய மினுமினுப்புக்குப் பதில் ஒரு கரகரப்பு, ஒரு கோபம். மந்திரவாதிகள் போய், கணினியும் தொலைக்காட்சிப் பிரசங்கிகளும் பாட்டுக்குள் வந்துவிட்டார்கள். என் கணிப்பில் அவர் பாடியவற்றிலேயே மிகக் கடினமான ஆல்பம் இது. நான்காவது தடவையில்தான் எனக்குத் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில், கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் ஆஸியின் விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் பாட அவர் மறுத்துவிட்டுக் கிளம்பினார். அந்த இரண்டு இரவுகளும் அவருடைய இடத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பாடினார்.

கடைசியாக 2007. அதே நால்வர், ஹெவன் அண்ட் ஹெல் என்று பெயர் மாற்றிக்கொண்டு, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில். அதில் அந்தத் தலைப்புப் பாடல் பதினைந்து நிமிடத்தைத் தாண்டும். நீங்கள் 1980 பதிவுக்குப் பென்சில் கோடு போட்ட தாளையே எடுத்து, வேறு நிறத்தில் மூச்சைக் குறியுங்கள். அறுபத்து நான்கு வயதில் கோடுகள் கூடியிருக்கும் என்று நினைப்பீர்கள். போட்டுப் பாருங்கள். 2009இன் 'த டெவில் யூ நோ'தான் அவர்களுடைய கடைசி ஸ்டூடியோ ஆல்பம். 2010 மே 16 அன்று வயிற்றுப் புற்றுநோயால் டியோ இறந்தார்.

இந்த முறை மற்றவர்களுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க விரும்பினால் சாபத்தின் 1987 ஆல்பமான 'த எடர்னல் ஐடல்' கைவசம் இருக்கட்டும். ரே கில்லென் முதலில் பாடிப் பதிவு செய்துவிட்டு விலகிவிட்டார். டோனி மார்ட்டின் வந்து மறுபடி பாடினார். 1983இல் சாபத்தில் பாடிய இயன் கில்லன் வேறு, இந்த ரே கில்லென் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 2010இல் வந்த சிறப்புப் பதிப்பின் இரண்டாவது வட்டில் கில்லெனின் பதிவுகள் இருக்கின்றன. 'த ஷைனிங்' பாட்டில் தொடங்குங்கள். முதலில் கில்லென், பிறகு மார்ட்டின், இரண்டு நிறப் பென்சில்கள்.