கடையில் வேலை, ராத்திரியில் குரூப் 4: தலைக்குள் ஓடும் டென்ஷனைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மூன்று வருடம் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் டேலியில் கணக்கு போட்டுக்கொண்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். காலை 9.30-க்குக் கடை. வீட்டுக்கு வர இரவு 8 ஆகும். சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கடையில் விட்டுவந்த பில் ஞாபகம் வரும். மறுநாள் பில் போடும்போது படிக்காமல் விட்ட பாடம் ஞாபகம் வரும். இரண்டும் உருப்படவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர நான் செய்ததைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், உடம்புக்குள் நடப்பது என்ன? மாண்ட்ரியாலில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே, 1936-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். குளிரோ, காயமோ, மருந்தோ எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது என்பதுதான் அதன் சாரம். நமக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். தெருநாய் துரத்தினாலும், முதலாளி "இங்க வா" என்று குரல் கொடுத்தாலும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும். நாய் போனதும் இது அடங்கிவிடும். முதலாளி தினமும் வருகிறாரே, அங்கேதான் சிக்கல்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: ராபர்ட் காரசெக். வேலை நெருக்கடியைப் பற்றி 1979-இல் எழுதிய அமெரிக்க சமூகவியலாளர். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை வதைப்பதில்லை, வேலை அதிகமாக இருந்து அதில் நம் சொல் எடுபடாமலும் போனால்தான் அதிகம் வதைக்கும் என்றார். இதைப் படித்தபோது என் கடையை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. நம் சொல் எடுபடுவதை இந்தப் பதிவில் "பிடி" என்று சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் நோட்டு மட்டும்

40 பக்க நோட்டு ஒன்று போதும், ஆப் எதுவும் வேண்டாம். டென்ஷன் ஏறும்போதெல்லாம் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அதில் எனக்குப் பிடி இருந்ததா. ஒரே வரிதான். இந்த வாரம் எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடுகிற படி இது.

என் நோட்டில் ஒரு தேதி திரும்பத் திரும்ப வந்தது: 14. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு கொடுக்கும் கடைகளுக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும், வரி கட்டும் படிவம் 20-க்குள். நடுவில் 14-ஆம் தேதி, நமக்குச் சரக்கு அனுப்பியவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் ஜிஎஸ்டி தளத்தில் வரும். யாராவது பில் ஏற்றாமல் விட்டிருந்தால், அந்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியாது. தப்பு சரக்கு அனுப்பியவருடையது, திட்டு எனக்கு. பிடி சுத்தமாக இல்லாத இடம்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் முழுப் பிடி, அரைப் பிடி, பிடியில்லை என்று குறியுங்கள். அறிவிப்பு எப்போது வரும், எத்தனை காலியிடம், கட்-ஆஃப் எவ்வளவு, பெரியப்பா விசேஷ வீட்டில் என்ன கேட்பார் என்பதெல்லாம் பிடியில்லாதவை. அவற்றுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

அரைப் பிடிதான் வேலை செய்ய வேண்டிய இடம். பிடியில்லை என்று குறித்தவற்றிலும் ஒன்றிரண்டை இங்கே இழுத்து வரலாம். 14-ஆம் தேதித் திட்டுக்கு நான் செய்தது இது: வழக்கமாகத் தாமதிக்கும் ஏழெட்டுப் பேரின் பட்டியலை 5-ஆம் தேதியே எடுத்து வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன். 10-ஆம் தேதி, இன்னும் ஏற்றாதவர்களின் பெயரை எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. ஆனால் போனில் அவர்களைப் பார்த்துத் திரும்பியது.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை தலையில் விழுந்தால் "முடியாது" என்று சொல்லாதீர்கள், எது முதலில் என்று கேளுங்கள். "அண்ணாச்சி, 11-க்குள்ள இது போகணும்னா ஸ்டாக் எண்ணுறத 12-ல வச்சுக்கலாமா? எது முதல்ல வேணும்னு நீங்களே சொல்லுங்க." பத்தில் ஆறு தடவையாவது பதில் கிடைக்கும். மிச்சம் நாலு தடவை "ரெண்டும்தான்" என்பார். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 3: படிப்பை நாளளவுக்கு வெட்டுங்கள்

படிப்பில் பயமே "எல்லாம் படிக்கணும்" என்ற நினைப்புதான். அளவு தெரிந்தால் பாதிப் பயம் போகும். இப்போதைய முறைப்படி குரூப் 4-க்கு 3 மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியானால் எதில் தொடங்குவது என்பதில் விவாதமே இல்லை.

அப்புறம் மாதத்தைப் பிரியுங்கள். எனக்கு 8 முதல் 20 வரை கடை நெரிக்கும். அந்த நாள்களில் தினம் ஐந்து கணக்கு மட்டும் போட்டுவிட்டுக் குற்றவுணர்ச்சி இல்லாமல் தூங்கினேன். கனமான பாடங்கள் 21-க்குப் பிறகு. உங்கள் வேலையிலும் இப்படி நெரிக்கும் நாள்கள் இருக்கும். துணிக்கடை என்றால் ஆடியும் தீபாவளியும். அந்த வாரங்களிலும் தினம் மூன்று மணி நேரம் என்று அட்டவணை போட்டால், மூன்றாம் நாளே நீங்களே உங்களுக்கு முதலாளி ஆகித் திட்டத் தொடங்குவீர்கள்.

படிக்கும் முறையிலும் ஒரு திருத்தம். "8-ஆம் வகுப்புத் தமிழ், ஒரு இயல்" என்று எடுத்துப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகமிருப்பதை எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டுத் தன்னைத்தானே சோதித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். பிடி இருக்கிறதா என்பது அந்த வெள்ளைத்தாளிலேயே தெரிந்துவிடும்.

படி 4: அந்த நேரத்துக்கு

திட்டு விழுந்த கையோடு குடோனுக்கோ கழிப்பறைக்கோ போய், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூன்று நிமிடம். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். பிரச்சினை அப்படியேதான் இருக்கும், பதில் சொல்ல நாக்கு மட்டும் நிதானமாகும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் டீயை விடுங்கள். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. கால்வலியோடு வீட்டுக்கு வந்து படிப்பு ஏறவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியான சோதனையில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட இப்படி எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன லாபம்தான், செலவும் சின்னது. டெலிகிராம் குழுவில் கட்-ஆஃப் ஜோசியம் பார்ப்பதை மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

இதெல்லாம் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் நோட்டால் மட்டும் ஆகாது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உயிரை விடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், அந்த 40 பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசியுங்கள்.