சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: பழைய காரில் வந்து வந்து போகும் இன்ஜின் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஒரேயடியாக ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரிசெய்வது சுலபம். கோளாறு அங்கேயேதான் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு சிக்னலில் பொசுக்கென்று அணைந்து, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகி, மெக்கானிக் கடை வாசலில் சமர்த்தாக ஐடிலிங்கில் நிற்கும் வண்டிதான் உயிரை வாங்கும். மெக்கானிக்கும் பாவம், என்ன செய்வார்? ஸ்பார்க் பிளக் மாற்றுவார், ஃபில்டர் மாற்றுவார், அப்புறம் காயில் (பிளக்குக்குப் பொறி விடும் கரண்டைத் தருவது), அப்புறம் பெட்ரோல் பம்ப். பணம் போய்க்கொண்டே இருக்கும், வண்டி மறுபடியும் நிற்கும்.

இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்க ஒரே நேரம்தான் உண்டு: வண்டி நின்ற பிறகு, மறுபடி ஸ்டார்ட் ஆவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள். அதற்குத் தேவையானவை முன்கூட்டியே டிக்கியில் இருக்க வேண்டும். ஒரு மல்டிமீட்டர் (சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும்), பழைய ஆனால் நல்ல பிளக் ஒன்று, இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒயர், டார்ச், ஒரு பழைய துணி, தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன நோட்டு.

நோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள், அதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இன்ஜின் சூடா, மழையா, ஏசி ஓடியதா, பள்ளத்தில் இறங்கியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு வரி எழுதுங்கள். நாலைந்து வரி சேர்ந்தாலே பாதி பதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நிற்கும்போது எப்படி நின்றது என்பதையும் கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. இழுவை குறைந்து, திக்கித் திணறி, குலுங்கிக் குலுங்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் சம்பந்தப்பட்டது. நின்ற அந்த நொடியில் டேஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள். எல்லாமே செத்துப்போயிருந்தால் இன்ஜினை விட்டுவிட்டு பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி போடும் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். (சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் எல்லாம் தொங்கவிட்டு ஓட்டுபவர்களுக்கு அந்த சுவிட்ச் சீக்கிரம் தேயும்.) விளக்குகள் எரிந்துகொண்டே இன்ஜின் மட்டும் நின்றால் மேலே படியுங்கள்.

ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கொண்டுவந்த பிளக்கை அதில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பைக் கிளிப் ஒயரால் இன்ஜினின் சுத்தமான இரும்போடு இணைத்து வைத்துவிட்டு, இன்னொருவரைச் சில நொடிகள் மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள், அந்த ஷாக் வேடிக்கையானது அல்ல. பக்கத்தில் பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீலமாகப் பளிச் பளிச்சென்று பொறி வந்தால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போகலாம். ஒயரே இல்லாமல் ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால் இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சூடானதும் ஸ்பார்க்கே இல்லை, ஆறினதும் வந்துவிடுகிறது என்றால், இன்ஜெக்ஷன் வண்டியில் (கம்ப்யூட்டர் சொல்ல, இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டி) என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உள்ளே இருப்பது பல வண்டிகளில் மெல்லிய கம்பிச் சுருள், வயதானால் சூட்டில் இணைப்பு விட்டுப்போய், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் பெட்ரோல் தெளிக்காது, செக் இன்ஜின் விளக்குகூட பல நேரம் எரியாது. ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது முள்ளைப் பாருங்கள். நல்ல நாளில் செல்ஃப் அடிக்கும்போது லேசாக எழும் முள், நின்ற நாளில் அசையாமல் கிடந்தால் சந்தேகம் பலமாகிறது. சென்சார் கிராங்க் புல்லி (இன்ஜின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) பக்கத்திலோ கியர்பாக்ஸ் சேரும் இடத்திலோ இருக்கும். கை எட்டினால் ஈரத்துணியை அதன்மேல் மட்டும் கொஞ்ச நேரம் வையுங்கள், சைலன்சர் பக்கம் கை போகாமல். உடனே ஸ்டார்ட் ஆனால் திருடன் கிட்டத்தட்ட அகப்பட்டான். புதிது வாங்கும்போது டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம், மலிவான சென்சார் வாங்கினால் இதே கதை மறுபடி ஆரம்பிக்கும். கார்புரேட்டர் வண்டியில் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பழைய முறை) இதே குணத்தை, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயிலும், இக்னிஷன் மாட்யூலும், காயிலும் காட்டும்.

ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்றால் பெட்ரோல். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்தால் பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டி). அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயோ ஃபேன் ரிலேயோ பக்கத்திலேயே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவே இல்லை. அப்போதும் சத்தம் இல்லையென்றால் டேங்கின் அடியில் கையால் நாலு தட்டு தட்டுங்கள். தட்டியதும் பம்ப் ஓட ஆரம்பித்தால் மோட்டார் பிரஷ் தேய்ந்துவிட்டது, வீடு போய்ச் சேருங்கள், அந்த வாரமே மாற்றுங்கள். டேங்கில் எப்போதும் ரிசர்வ் அளவே வைத்து ஓட்டுபவர்களுக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் அந்தப் பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

கார்புரேட்டர் என்றால் இன்னும் எளிது. இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்து, ஆக்சிலரேட்டர் லிங்க்கைக் கையால் இழுங்கள். மெல்லிய பெட்ரோல் கோடு ஒன்று பீச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. முகத்தை மேலே வைத்துக்கொண்டு செல்ஃப் மட்டும் அடிக்காதீர்கள், பேக்ஃபயர் ஆனால் புருவம் போய்விடும். பீச்சவில்லை, மே மாத மத்தியானம், நெரிசலில் ஊர்ந்து வந்திருக்கிறீர்கள் என்றால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைன் அடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வழி இன்றும் வேலை செய்கிறது. ஓட ஓட இழுவை குறைகிறதென்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அப்புறம் வண்டி சரியாக ஓடினால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய்களை அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் உடனே மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கவும் கூடும்.

மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் (இன்ஜின் விட்டு விட்டு ஓடினால்), இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வெடித்த ஒயரிலிருந்து நீலப் பொறி இரும்புக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். பார்க்க மட்டும்தான், தொடக்கூடாது. வேட்டி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் வேண்டாம். சாவி ஆனில் இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்றும், ஷெட்டுக் கதவும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், புகை ஆளையே கொல்லும்.

சிக்னலில் மட்டும், அதுவும் ஏசி போட்டால் மட்டும் அணைகிறதென்றால் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கார்பன், ஐடிலிங் வால்வு, வெடித்த வேக்குவம் குழாய். சுத்தம் செய்தாலே பாதி வண்டி சரியாகிவிடும்.

எதிலுமே அடங்காத கோளாறு என்றால் எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் ஒயர். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கோ இதன்மேல்தான் எப்போதும் ஒரு கண். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, மீட்டரின் ஒரு ஒயர் முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் பக்கம் காட்டினால் எர்த் ஒயரின் இரு முனையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கமும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். அப்புறம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஒயர் சாக்கெட்டாக லேசாக ஆட்டிப் பாருங்கள். எதை ஆட்டும்போது இன்ஜின் தடுமாறுகிறதோ அங்கே பச்சைக் களிம்போ எலி கடித்த ஒயரோ இருக்கும்.

2013 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால் மலிவான புளூடூத் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் கருவி) பெரும்பாலும் உதவும். 2010க்கு முந்தைய பல வண்டிகளில் ஸ்கேனர் செருகும் சாக்கெட் இருந்தாலும் அது பேசாது. ஸ்கேனரில் கோளாறு எண் வந்தாலும் அது சொல்லும் பாகத்தை உடனே மாற்ற ஓடாதீர்கள், முதலில் அதன் சாக்கெட்டையும் ஒயரையும் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடாவிட்டால் அந்த நோட்டை மெக்கானிக்கிடம் கொடுங்கள். 'அப்பப்ப நிக்குதுண்ணே' என்பதற்குப் பதில் 'சூடானா ஸ்பார்க் வரலைண்ணே, பம்ப் ஓடுது' என்று சொன்னால் அவர் கை நேராகச் சரியான இடத்துக்குப் போகும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். மாற்றிய பிறகும் அதே கோளாறு வந்தால் அந்தப் பழையது நல்ல பாகம்தான், ஸ்பேராக இருக்கட்டும்.