பயம் போக வழிபடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பயத்தோடு இருப்பவருக்குத் துணையாக வரும் பாட்டுக்கும் மந்திரத்துக்கும் நம்மிடம் குறைவே இல்லை. மிதித்துக் கொல்ல ஏவிவிட்ட யானை எதிரே வந்தபோது, "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்று அப்பர் பாடினார். மாணிக்கவாசகர் அச்சப்பத்து என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். "நாள் என் செயும், வினைதான் என் செயும்" என்று கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர் கேட்கிறார். வடமொழியில் மிருத்யுஞ்ஜய மந்திரம் இருக்கிறது, வட இந்தியாவின் அவதி மொழியில் துளசிதாசரின் அனுமன் சாலிசா இருக்கிறது.

இத்தனையும் கையில் இருந்தும், பயம் போகட்டும் என்று வழிபாட்டைத் தொடங்கிய சிலர், கொஞ்ச நாளில் முன்னைவிட அதிகப் பயத்தோடு நிற்கிறார்கள். விளக்கு அணைந்துவிட்டால் பயம். ஒரு நாள் பாராயணம் விட்டுப்போனால் பயம். ஒரு வரி மாறிவிட்டால் பயம். சாமியிடம் குறை இல்லை, பாட்டிலும் குறை இல்லை. நாம் அதைப் பிடித்துக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு. அந்தக் கோளாறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படபடப்பு வந்த பிறகுதான் பாட்டு

நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது மட்டும் கவசத்தைத் தேடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு நீச்சல் பழகுவது போன்றது அது. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதுவும் மனதில் ஏறாது. கண் வரிகளின் மேல் ஓடும், மனம் வேறெங்கோ ஓடும். அப்புறம் "சொல்லியும் போகவில்லையே" என்ற ஏமாற்றம் வேறு சேர்ந்துகொள்ளும்.

மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், தினமும் ஒரே வேளையில், கொஞ்சமாகச் சொல்லிப் பழகுங்கள். நாக்குக்குப் பழகிவிட்ட பாட்டு, தேவைப்படும் நேரத்தில் தானாக வரும். படபடப்பு வரும் நேரத்துக்கு என்று மிகச் சின்னதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். "நமச்சிவாய", "முருகா", "நாராயணா" எதுவானாலும் சரி. விஷ்ணு சகஸ்ரநாமத்தின் முடிவில் சொல்லும் ஒரு சுலோகம், துன்பத்தில் துவண்டவர்கள், பயந்தவர்கள், கொடிய நோயில் கிடப்பவர்கள், நாராயணா என்ற ஒரு சொல்லைச் சொன்னாலே துயர் நீங்கிச் சுகம் பெறுவார்கள் என்கிறது. ஆயிரம் பெயரையும் அந்த நேரத்தில் சொல்லி முடித்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படிச் சொல்லும்போது வேகமாகச் சொல்லாதீர்கள். பயத்தில் மூச்சு ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதோடு போட்டி போட்டு ஜபித்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், உடனே "எனக்கு ஏதோ ஆகிறது" என்று பயம் இரட்டிப்பாகும். பெயரை இழுத்து, மூச்சு மெதுவாக வெளியே போகும்படி சொல்லுங்கள். கிறிஸ்தவர்களின் ஜபமாலைப் பிரார்த்தனை செய்யும்போதும் "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற பௌத்த மந்திரத்தை ஜபிக்கும்போதும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 என்ற அளவுக்கு நிதானப்படுவதை 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மதம் எதுவானாலும், நிதானமாகச் சொல்லும்போது உடம்பும் அடங்குகிறது. படபடப்பு நேரத்தில் கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சியும் வேண்டாம்.

எண்ணிக்கையைத் துரத்துவது

கந்த சஷ்டி கவசத்தில் "ஒருநாள் முப்பத்தாறு உருக்கொண்டு" என்று வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 36 முறை சொல்ல உட்காருகிறவர்கள் உண்டு. நிதானமாக ஒரு முறை சொல்ல 15 முதல் 20 நிமிடம் ஆகும். 36 முறை என்றால் 9 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரம் வரை. சஷ்டி விரதத்தில் இதற்காகவே ஒரு நாளை ஒதுக்கி, உடம்பும் இடம்கொடுத்து, மனம் ஒன்றிச் செய்பவர்களுக்கு அது பெரிய அனுபவம். ஆனால் வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், ஏற்கெனவே தூக்கம் இல்லாமல் தவிப்பவர் இதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஏழாவது முறையில் தொண்டை கட்டி நிறுத்திவிட்டு, "சாமி குத்தம் ஆகிவிடுமோ" என்று தவிப்பது தேவையே இல்லை.

அந்த வரிக்கு முன்னால் வருவதையும் படியுங்கள். "நேசமுடன் ஒரு நினைவதுவாகி" என்றும், "சிந்தை கலங்காது தியானிப்பவர்கள்" என்றும் கவசத்தை இயற்றிய தேவராய சுவாமிகள் முதலில் சொல்லிவிட்டுத்தான் எண்ணிக்கைக்கு வருகிறார். சிந்தை கலங்கிக் கலங்கி 36 முடிப்பதைவிட, கலங்காமல் ஒரு முறை சொல்வது அவர் சொன்னதற்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

அந்த ஒரு முறையை எப்படிச் சொல்வது? "கதிர்வேல் இரண்டு கண்ணினைக் காக்க, விதிசெவி இரண்டும் வேலவர் காக்க, நாசிகள் இரண்டும் நல்வேல் காக்க" என்று கவசம் உடம்பின் ஒவ்வோர் உறுப்பாக இறங்கிப் போகிறது. கண் என்னும்போது கவனத்தைக் கண்ணுக்குக் கொண்டுபோங்கள். சுருங்கியிருக்கும் இமை தளரும். வாய் வரும்போது, இறுகக் கடித்துக்கொண்டிருந்த பல் விடுபடும். கழுத்து, தோள், மார்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கும்போது, பயம் உடம்பில் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்பது தெரியவரும். நாளை என்ன நடக்குமோ என்று ஓடிக்கொண்டிருந்த மனம் இந்த உடம்புக்கு, இந்த நிமிடத்துக்குத் திரும்பும். ஓட்டமாக ஓடி முடித்தால் இது எதுவும் கிடைக்காது.

பிழை வந்துவிட்டதோ என்ற பயம்

தவறுகளிலேயே அதிகம் வதைப்பது இதுதான். ஒரு வரி சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகம் வரும். முதலிலிருந்து தொடங்குவார். அதே இடத்தில் மறுபடியும் சந்தேகம். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் தொடங்குவார். பூஜை நடுவே ஒரு கெட்ட எண்ணம் குறுக்கே வந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். அரை மணி நேரப் பூஜை மூன்று மணி நேரம் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் "எவ்வளவு பக்தி!" என்று மெச்சுவார்கள். உள்ளே அவர் படும் பாடு யாருக்கும் தெரியாது.

இது பக்தி முற்றிய நிலை அல்ல. பல நேரங்களில் ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் பக்தியின் உருவத்தில் வருவதுதான் இது. சந்தேகம் வந்தவுடன் திரும்பச் சொன்னால் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்கு ஆசைப்பட்டு மூளை அடுத்த சந்தேகத்தைக் கிளப்பும். திரும்பச் சொல்லச் சொல்ல அது வளரும். சந்தேகம் இருக்கும்போதே, சரிபார்க்காமல், அடுத்த வரிக்கு நகரப் பழகுவதில்தான் விடுதலை இருக்கிறது. மனநல மருத்துவத்தில் இதற்குத் தனிப் பயிற்சியே உண்டு, நல்ல பலனும் தருகிறது.

பிழைக்குச் சாமி கோபித்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்குப் பதில் பாராயண நூல்களிலேயே இருக்கிறது. சகஸ்ரநாமம் முடித்ததும், எழுத்திலோ சொல்லிலோ மாத்திரையிலோ வந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று ஒரு சுலோகம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கவசமும் "எத்தனை குறைகள் எத்தனை பிழைகள்" என்று தானாகவே கணக்கை ஒப்புக்கொண்டு, "பெற்றவன் நீ குரு, பொறுப்பது உன் கடன்" என்று முருகன் மேலேயே பாரத்தைப் போட்டுவிடுகிறது. அந்த வரியைச் சொல்லி முடித்த பிறகு பிழையை எண்ணிக்கொண்டிருக்க என்ன இருக்கிறது?

குழந்தைகளிடம் "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதையும் இதோடு சேர்த்தே நிறுத்துங்கள். பெரியவர்களான பிறகும் பூஜையறையில் நடுங்கி நிற்கும் பலருக்கு அந்த நடுக்கம் அங்கேதான் தொடங்கியது.

பயமுறுத்தும் செய்திகள், பரிகாரங்கள், வேண்டுதல்கள்

"இதை 11 பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது.

ஜாதகம் பார்ப்பதில் ஒரு வரம்பு வேண்டும். ஒருவர் சொன்னது திருப்தி இல்லை என்று இன்னொருவர், அவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று மூன்றாமவர், காலையில் எழுந்ததும் நாலு இடத்தில் ராசிபலன். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் ஆறுதல், பிறகு புதுக் கவலை. முன்பு சொன்ன சந்தேகச் சுழற்சிதான் இதுவும். பயந்திருப்பவரிடம் பெரிய தொகை கேட்டு, நாள் குறித்து அவசரப்படுத்தும் பரிகாரம் எதுவாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வேண்டுதலும் அப்படித்தான். நள்ளிரவுப் பயத்தில் வாய்க்கு வந்த பெரிய நேர்த்திக்கடனை நேர்ந்துகொண்டு, பிறகு செய்ய முடியாமல் அதையே நினைத்துப் பயப்படுகிறார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது நேர்ந்துகொள்ளவே வேண்டாம். மனம் தெளிந்த பிறகு, முடிந்ததைச் சின்னதாக நேர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே நேர்ந்து நிறைவேற்ற முடியாமல் இருந்தால், கோயில் குருக்களிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கேளுங்கள், மாற்று வழி சொல்வார்கள்.

எந்த சாமி?

"பயத்துக்கு நரசிம்மரைத்தான் கும்பிட வேண்டும்", "பைரவர்தான் சரி" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்கள் மனம் எந்த உருவத்தின் முன் தளர்ந்து உட்காருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நரசிம்மரின் கோர முகத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை என்று பாகவதத்தில் பிரகலாதன் சொல்கிறான். கீதையில் விசுவரூபத்தைக் கண்ட அர்ஜுனனோ நடுங்கிப்போய், பழைய உருவத்தைக் காட்டு என்று கெஞ்சுகிறான். கண்ணன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பழகிய சாந்த உருவத்துக்குத் திரும்பி அவனைத் தேற்றுகிறான். உக்கிர உருவம் உங்களை அச்சுறுத்தினால் அதற்காக வெட்கப்படவோ குற்றவுணர்வு கொள்ளவோ வேண்டியதில்லை.

விரதமும் தூக்கமும்

விரதம் என்று சோற்றை விட்டுவிட்டுக் காபியை மட்டும் நாலைந்து முறை குடித்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதைத் தெய்வ சோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குப் பட்டினியில் சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், பதற்றம் எல்லாம் அப்படியே பய உணர்வு மாதிரியே வரும். லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் தண்ணீரும் உப்பும் குறையும்படி விரதம் இருப்பது ஆபத்து. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது.

இரவெல்லாம் கண்விழித்து ஜபிப்பதும் பதற்றக்காரர்களுக்கு ஒத்துவராது. தூக்கம் கெட்டால் மறுநாள் பயம் கூடும். அளவாக உண்டு, அளவாக உறங்கி விழிப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதை ஆறாம் அத்தியாயம் சொல்வது இந்த இடத்தில் நேரடியாகப் பொருந்தும்.

பக்தி இருந்தால் பயம் வராது என்று சொல்வது

பயத்தில் இருப்பவரிடம் "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து சொல்லாதீர்கள். சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்கள் சரியாக இல்லை, போக வேண்டாம் என்று திருமறைக்காட்டில் தடுத்தது யார் தெரியுமா? யானை முன் அஞ்சாமல் நின்ற அதே அப்பர்தான். தன் உயிருக்கு அஞ்சாதவருக்கு, அன்பு வைத்த பிள்ளையின் உயிர் என்றதும் கவலை வந்துவிட்டது. சம்பந்தர் அவர் பக்தியில் குறை காணவில்லை. "வேயுறு தோளிபங்கன்" என்று தொடங்கிக் கோளறு பதிகம் பாடினார். கோள்கள் எல்லாம் அடியாருக்கு நல்லவையே என்று பாடிவிட்டுப் புறப்பட்டார். அந்தக் கவலையை மதித்துப் பதில் சொன்னதால் நமக்கு ஒரு பதிகம் கிடைத்தது.

எல்லாப் பயத்தையும் ஜபத்தால் விரட்டவும் கூடாது. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்கிறது குறள். வீட்டில் அடிக்கும் கணவன், கழுத்தை நெரிக்கும் கடன், மார்பில் தெரியும் கட்டி இவற்றைப் பற்றிய பயம் உங்களைக் காக்க வந்த பயம். காவல் நிலையத்துக்கோ வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டிய நேரத்தில் பூஜையறையில் உட்கார்ந்திருந்தால் நாள்தான் கடக்கும்.

மருந்தை நிறுத்துவது

"விபூதி பூசிக்கொண்டேன், இனி மாத்திரை எதற்கு" என்று ஒரே நாளில் நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. மனச்சோர்வு, பதற்ற மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, முன்னைவிட மோசமான பதற்றம் வரலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கோயிலும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்கள் திருச்சி பக்கத்தில் உள்ள குணசீலத்தைப் பார்க்கலாம். மனநலம் பாதித்தவர்கள் பிரசன்ன வெங்கடாசலபதி சன்னிதியில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவது அங்கே நெடுநாள் வழக்கம். முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அதே கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார்.

பயத்தால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வெளியே போக முடியவில்லை, வழிபாடே சுமையாகிவிட்டது, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், அதையும் சோதித்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். மருத்துவர் முன் உட்காரும்போது, எத்தனை மணி நேரம் ஜபிக்கிறீர்கள், என்ன விரதம் இருக்கிறீர்கள், எந்த வரியில் சிக்கிக்கொள்கிறீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதை மறைத்தால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.